சிலிண்டர் மாற்றிய பிறகு அடுப்பு பற்றவில்லை: கோளாறு சிலிண்டரிலா, அடுப்பிலா?

மேலோட்டமாகப் பார்த்தால், அடுப்பு ஏன் பற்றவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால், யாரைக் கூப்பிடுவது, எதற்குப் பணம் செலவழிப்பது என்பதுதான் உங்களுடைய உண்மையான குழப்பம் என்று தெரிகிறது. சிலிண்டர் தீர்ந்த அன்று, சமையல் இல்லாத நேரத்தைப் பயன்படுத்தி அடுப்பைப் பிரித்துக் கழுவியிருக்கிறீர்கள். மறுநாள் புது சிலிண்டர் வந்தது, மாட்டினீர்கள். அப்போதிலிருந்து இடப்பக்க பர்னர் பற்றவே இல்லை. வலப்பக்க பர்னர் நாலைந்து முறை லைட்டரைத் தட்டிய பிறகு பற்றுகிறது, ஆனால் சுடர் பழைய உயரத்துக்கு வருவதில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவர் அடுப்பு பழையது, புதிது வாங்குங்கள் என்கிறார். பக்கத்து வீட்டில் எரிவாயுவில் கலப்படம் என்கிறார்கள். கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பது பல வருடங்களாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இருவர் சொன்னதும் உங்கள் விவரங்களோடு பொருந்தவில்லை. சிலிண்டர் மாற்றியதைவிட, அதற்கு முந்தின நாள் அடுப்பைக் கழுவியதுதான் எனக்குப் பெரிய தடயமாகப் படுகிறது.

காரணத்துக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுப்பு பற்றாமல் இருப்பதால் கெடுதல் ஏதும் இல்லை. பற்றாத நேரத்தில் வெளியேறிய வாயுதான் ஆபத்து. வீட்டு அடுப்பின் ஒரு பர்னரை முழுதாகத் திறந்தால் மணிக்கு ஏறக்குறைய 60, 70 லிட்டர் வாயு வெளியே வரும். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் எல்பிஜி, காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றும். அந்த ஒரு லிட்டர், 50 லிட்டர் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக மாற்றப் போதும். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அதனால் மேலே எழும்பி ஜன்னல் வழியாகப் போய்விடாது. மேடைக்குக் கீழே, சிலிண்டர் வைத்திருக்கும் அறைக்குள், தரையோடு தரையாகத் தேங்கும். ஆகவே ஒருமுறை பற்றவில்லை என்றால் குமிழை மூடி, கதவையும் ஜன்னலையும் திறந்து, ஐந்து நிமிடம் காத்திருந்து பிறகு முயலுங்கள். மூன்றாவது முறையும் பற்றவில்லை என்றால் முயல்வதை நிறுத்துங்கள். ரெகுலேட்டரையே மூடிவிட்டுக் காரணத்தைத் தேடுவோம்.

எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் அறையில் நிற்கிறது என்றால் மின்சார ஸ்விட்ச் எதையும் தொடக்கூடாது. போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. நாற்றத்தை வெளியேற்றும் நல்ல எண்ணத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஸ்விட்சில் எழும் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வீட்டுக்கு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எல்பிஜி கசிவுக்கான அவசர எண் அது, நாள் முழுவதும் இயங்குகிறது.

இனி உங்கள் அடுப்புக்கு வருவோம். தீ பற்ற மூன்று வேண்டும்: வாயு வர வேண்டும், அதோடு சரியான அளவு காற்று சேர வேண்டும், பொறி விழ வேண்டும். மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிக்க நான் முதலில் கேட்கும் கேள்வி, ஒரு பர்னருக்கு மட்டும் கோளாறா, எல்லா பர்னருக்குமா என்பதுதான். சிலிண்டர், ரெகுலேட்டர், அதிலிருந்து அடுப்புக்கு வரும் ரப்பர் டியூப் மூன்றும் இரண்டு பர்னருக்கும் பொது. அடுப்புக்குள் நுழைந்த பிறகுதான் வழி பிரிகிறது. உங்கள் வலப்பக்க பர்னர், சிறிதாகவேனும், எரிகிறது. அப்படியானால் அடுப்பு வரை வாயு வந்துவிட்டது. இடப்பக்கம் அறவே பற்றாததற்கு சிலிண்டர் காரணமாக இருக்க முடியாது. உங்கள் கடிதத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். வலப்பக்கச் சுடர் ஏன் சிறிதாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடப்பக்கத்தில் வாயு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் மீதி எளிது. குமிழைத் திறந்ததும் வாயு ஜெட் என்ற சிறு பித்தளைத் துண்டின் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். அந்தத் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. ஜெட்டுக்கு எதிரே மிக்சிங் டியூப் என்ற குழாயின் வாய் இருக்கும். பாய்ந்து வரும் வாயு, பக்கத்தில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு அந்தக் குழாய்க்குள் நுழைகிறது. இரண்டும் கலந்து பர்னர் தலையின் துளைகளில் வெளிவருகின்றன. கழுவும்போது இந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் தண்ணீர் தங்கலாம். பர்னர் துளைகளில் தங்கினால் ஒரு பக்கம் மட்டும் பற்றும், அல்லது பற்றி அணையும். மிக்சிங் டியூபின் வளைவில் தேங்கினால் வாயு பர்னர் வரை ஏறாது. ஜெட்டில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டால் சத்தம்கூடக் கேட்காது. நீங்கள் செய்ய வேண்டியது: ரெகுலேட்டரை மூடுங்கள். பர்னர் தலையை எடுத்து நன்றாக உதறி, வெயிலில் ஒருமணி நேரம் காயவையுங்கள். மிக்சிங் டியூபின் உள்ளே காய்ந்த துணியைச் சுருட்டி விட்டுத் துடையுங்கள். வெளியே எடுத்த துணி ஈரமாக இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்துப் பார்க்க வேண்டியது பொருத்தம். பெரிய பர்னர் மூடியும் சின்ன பர்னர் மூடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அடுப்புகள் உண்டு. கழுவிய பிறகு இடம் மாறிப் போனால் மூடி சரியாக அமராது, இடைவெளியில் வாயு ஒழுகும். அதைவிட முக்கியமானது மிக்சிங் டியூப். அதையும் கழற்றிக் கழுவியிருந்தால், திரும்ப மாட்டும்போது அதன் வாய் ஜெட்டுக்கு நேர் எதிரே நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். சற்று விலகியிருந்தாலும் வாயு குழாய்க்குள் போகாமல் அடுப்பின் அடியில் பரவும். மேலே பற்றாத அடுப்பு திடீரென்று கீழே பற்றுவது இப்படித்தான். மிக்சிங் டியூபைக் கழற்றியிருந்து, அது நேராக நிற்கிறதா என்று உங்களால் உறுதி செய்ய முடியவில்லை என்றால், தயவுசெய்து மேற்கொண்டு முயலாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஜெட் அடைத்திருந்தால் ஊக்கையோ பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் பின்னையோ விட்டுக் குத்தத் தோன்றும். பித்தளை மென்மையான உலோகம், எஃகு ஊசி அதன் துளையை எளிதில் அகலப்படுத்திவிடும். பிறகு அளவுக்கு மேல் வாயு வரும், அதற்கேற்ற காற்று சேராது. சுடர் மஞ்சளாக நீளும், பாத்திரம் கரி பிடிக்கும். ஜெட்டைக் கழற்றி ஊதிப் பார்க்கலாம், வெந்நீரில் போட்டு எடுக்கலாம். அதற்கும் வழிவிடவில்லை என்றால் புது ஜெட் போடுவதுதான் சரி. போடும்போது எல்பிஜிக்கான ஜெட் என்று சொல்லி வாங்குங்கள். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன் என்பதால் அதற்குப் பெரிய துளையுள்ள ஜெட் வேண்டும். இரண்டும் இப்போது கடைகளில் கிடைப்பதால் மாறிவிடுகிறது.

பல மாதம் பூட்டியிருந்த வீடாக இருந்தால் வேறொன்றையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். சிலந்தி, கரப்பான் குஞ்சு, குளவி மூன்றுக்கும் மிக்சிங் டியூப் பிடித்தமான இடம். குளவி மண்ணைக் கொண்டுவந்து அடைத்திருந்தால் வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது. உங்கள் அடுப்பு கழுவிய நாள் வரை எரிந்தது என்பதால் அதற்கு வாய்ப்பு குறைவு.

இப்போது வலப்பக்கச் சுடர். இதில்தான் தூரத்தில் இருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த பர்னரையும் அன்றே கழுவியிருக்கிறீர்கள், ஆகவே அதிலும் ஈரம் இருக்கலாம். காய்ந்த பிறகு சுடர் தானாகவே நிமிர்ந்துவிட்டால் விஷயம் முடிந்தது. இரண்டு பர்னரும் காய்ந்து, இரண்டும் பற்றி, இரண்டுமே சிறிதாக எரிகின்றன என்றால் கோளாறு, வாயு அடுப்புக்குள் நுழையும் முன்பே இருக்கிறது. அங்கே நான் சந்தேகப்படும் வரிசை: முதலில் ரப்பர் டியூப், பிறகு ரெகுலேட்டர், கடைசியாகத்தான் சிலிண்டர்.

டியூப் முதலில் வருவதற்கும் காரணம் கழுவியதுதான். மேடையைத் துடைக்க அடுப்பை நகர்த்தி, திரும்பச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருப்பீர்கள். பின்னால் டியூப் மடங்கிக் கிடக்கும். அடுப்பை நாலு விரற்கடை முன்னால் இழுத்துப் பாருங்கள். சுடர் உடனே உயர்ந்தால் அதுதான் காரணம். அப்படியே டியூபின் வயதையும் பாருங்கள். எண்ணெய் நிறுவனங்களின் ஏஜென்சிகளில் கிடைக்கும், உள்ளே எஃகுக் கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அதில் தேதி அச்சிட்டிருக்கும். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிற டியூபை இன்றைக்கே மாற்ற வேண்டும். மடங்கும் இடத்தில்தான் டியூப் முதலில் வெடிக்கும்.

ரெகுலேட்டரின் வேலை பெரியது. சிலிண்டருக்குள் வெப்பநிலையைப் பொறுத்து ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ அழுத்தம் இருக்கும். அடுப்புக்கு வேண்டியது ஏறக்குறைய 30 கிராம் அழுத்தம் மட்டுமே. ரெகுலேட்டர் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வும் சுருள்வில்லும்தான் இதைச் செய்கின்றன. புது சிலிண்டரில் மாட்டும்போது ரெகுலேட்டர் முழுதாக இறங்கி அமராவிட்டால், அதன் முள் சிலிண்டர் வால்வைப் பாதிதான் அழுத்தும், வாயு குறைவாக வரும். மூடிய நிலையில் வைத்து, கருப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் நேராக வைத்து லேசாகத் திருப்பியபடி அழுத்தி, வளையத்தை விடுங்கள். டக்கென்று கீழே இறங்க வேண்டும். பிறகு குமிழைத் திறக்கும்போது கடைசி வரை திரும்ப வேண்டும். மாட்டிய பின் ரெகுலேட்டர் சிலிண்டர் மேல் சுற்றுகிறதே என்று சிலர் பயப்படுவார்கள். சுற்றுவது இயல்பு, மேலே கழன்று வரக்கூடாது, அவ்வளவுதான். மாட்டியதும் இணைப்பில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அறுந்திருக்கலாம் அல்லது விழுந்திருக்கலாம். நீங்களாக வேறு வளையம் போட வேண்டாம். ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைச் சிலிண்டரில் மாட்டிவிட்டு ஏஜென்சிக்குத் தகவல் கொடுங்கள். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரெகுலேட்டரே பழுதாகியிருந்தால் கடையில் வாங்காதீர்கள். அது உங்கள் இணைப்போடு வைப்புத்தொகை பெற்றுக் கொடுக்கப்பட்ட எண்ணெய் நிறுவனத்தின் பொருள். இணைப்பு ஆவணத்தோடு ஏஜென்சிக்குப் போனால் மாற்றித் தருவார்கள். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே மாட்டச் சொல்லி வீடு வீடாக விற்கப்படும் எரிவாயு சேமிப்புக் கருவி போன்றவற்றை நான் எந்த வீட்டிலும் பரிந்துரைத்ததில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். சுடர் சிறுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இணையத்தில் தேடியபோது, குமிழ்களை எல்லாம் மூடி, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும் என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆலோசனை பொய் அல்ல, ஆனால் அது அமெரிக்க வீடுகளின் கொல்லையில் இருக்கும் கேஸ் கிரில்லுக்கானது. அங்கே சிலிண்டர் வால்வைக் கையால் திருகித் திறக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் அமைப்பு இணைப்பிலேயே இருக்கிறது. வால்வை வேகமாகத் திறந்தாலோ, கிரில்லின் குமிழ் ஏற்கெனவே திறந்திருந்தாலோ, டியூப் அறுந்துவிட்டதாகக் கருதி அது வாயுவைக் குறைத்துவிடும். அதை மீட்கத்தான் எல்லாவற்றையும் மூடி, சற்று நேரம் விட்டு, முதலில் சிலிண்டரை மெதுவாகத் திறக்கச் சொல்கிறார்கள். நம் வீட்டுச் சிலிண்டரில் திருகும் வால்வே கிடையாது, ரெகுலேட்டரின் முள் அழுத்தும்போது வால்வு திறக்கிறது. அதனால் உங்களுக்கு அந்த முறை பயன்படாது.

கலப்படம் பற்றி. சுடரைப் பார்த்து மட்டும் எரிவாயு நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. மஞ்சள் சுடர் தெரிந்தாலே கலப்படம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். காற்று குறைந்தாலும் மஞ்சளாகத்தான் எரியும். எடை குறைவு என்ற சந்தேகம் வேறு விஷயம், அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிறைந்த சிலிண்டரின் எடை. வாசலிலேயே எடை போட்டுக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எடை குறைந்த சிலிண்டர் சீக்கிரம் தீருமே தவிர, முதல் நாளே சுடரைச் சிறிதாக்காது. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் A முதல் D வரை ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது அடுத்த சோதனைக்கான காலாண்டு. A என்றால் மார்ச் முடிய, D என்றால் டிசம்பர் முடிய. அந்தத் தேதி கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

நீங்கள் ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதியில் இருப்பவரா என்று குறிப்பிடவில்லை. அப்படியானால் காலையில் சுடர் சிறுப்பது இயல்பாகவே நடக்கும். எல்பிஜியில் இருக்கும் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கும். குளிர் கூடக் கூட உள்ளே வாயுவாக மாறுவது குறையும். தீரப்போகும் சிலிண்டரிலும் இது கூடுதலாகத் தெரியும். எந்த ஊராக இருந்தாலும் சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, சாய்த்து அல்லது படுக்கவைத்து எரிப்பது ஆகியவற்றைச் செய்யவே கூடாது. சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கிவிடும். வாயுவுக்காகச் செய்யப்பட்ட சவ்வு அதைத் தாங்காது, ஒரு துளி திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 மடங்கு வாயுவாக விரியும். கடைசி அரைமணி நேரச் சமையலுக்காகச் சாய்த்துவைத்த சிலிண்டர்களை எத்தனையோ வீடுகளில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறும்.

பொறியைப் பற்றிச் சுருக்கமாக. கையால் தட்டும் லைட்டரில் பேட்டரி இல்லை. உள்ளே ஒரு சிறு சுத்தி படிகத்தைத் தட்டும்போது மின்பொறி உண்டாகிறது. முனையில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சத்தம் வரும், பொறி வராது. விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பில் இருந்து தள்ளி நின்று, வாயுவைத் திறக்காமல் தட்டிப் பாருங்கள், நீலப் பொறி தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால், பர்னர்கள் காய்ந்த பிறகு ஒரே ஒரு முறை தீக்குச்சியில் முயலலாம். குச்சியை முதலில் கொளுத்தி பர்னர் அருகே பிடித்துக்கொண்டு, அதன் பிறகே குமிழைத் திறக்க வேண்டும். நாற்றம் சிறிதும் இல்லாத அறையில் மட்டும்.

கடைசியாக, புது அடுப்பு வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்காக வாங்க வேண்டியதில்லை. குமிழ் இறுக்கமாக இருந்தால் உள்ளே வெப்பம் தாங்கும் கிரீஸ் வைக்க வேண்டும், அது மெக்கானிக்கின் வேலை. தேங்காய் எண்ணெய் விட்டால் சில வாரத்தில் பிசினாகி இன்னும் இறுகும். பர்னர் தலை தேய்ந்து துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் தலையை மட்டும் மாற்றலாம். பித்தளையானால் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தாலே பாதிப் பழுது போய்விடும். அலுமினியத் தலைக்குச் சோடா உப்பு வேண்டாம், அரித்துவிடும். மாற்றியே ஆக வேண்டிய நிலை என்று நான் சொல்வது இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: குமிழை மூடிய பிறகும் சோப்பு நீரில் குமிழி எழுந்து, வால்வைப் பழுது பார்த்தும் நிற்கவில்லை என்றால், அடுப்பின் உள்குழாயோ மிக்சிங் டியூபோ கஞ்சியும் உப்பும் பட்டுத் துருவேறி ஓட்டை விழுந்திருந்தால். அப்போது ஐஎஸ்ஐ முத்திரை உள்ள அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள். இப்போதைக்கு பர்னர்களைக் காயவையுங்கள், அடுப்பை முன்னால் இழுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு சுடரும் சிறிதாகவே இருந்தால் ஏஜென்சியைக் கூப்பிட்டு, "அடுப்பு பற்றவில்லை" என்று சொல்லாமல் "இரண்டு பர்னரிலும் அழுத்தம் குறைவு, ரெகுலேட்டரையும் சிலிண்டர் வால்வையும் சோதிக்க வேண்டும்" என்று புகார் பதியுங்கள். அப்படிச் சொன்னால்தான் வரும் மெக்கானிக் மாற்று ரெகுலேட்டரைக் கையோடு எடுத்து வருவார்.